செத்த பெடியன்ர பேர் என்ன?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ர சினிமாப் பக்கத்தில 'ரோப்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையை ரெண்டு தரம் வாசிச்சனான். எழுதினவர் படத்தை நல்லா ரசிச்சுத்தான் எழுதியிருக்கிறார், ஹிட்ச்கொக் 1948 ல எடுத்த படம், அவற்ற முதல் கலர்ப்படம், கமராவை நிப்பாட்டாமல் பத்து நிமிசம் வரைக்கும் ஒரே இழுவையா எடுத்து எடுத்து ஒட்டின 80 நிமிசப் படம், எல்லாம் சரி. ஆனா கொலை செய்த ரெண்டு பேரின்ர மூளையைப் பற்றி அஞ்சாறு பந்தி, "குறையில்லாத கொலை" எண்டு கொட்டை எழுத்தில தலைப்பு, செத்துப்போன பெடியன்ர பேர் மட்டும் முழுப்பக்கத்தில ஒரு இடத்திலயும் இல்லை. விரல் வைச்சு வரிவரியாத் தேடிப்பாத்தனான், இல்லை. அதுதான் இந்தக் கடிதம்.

அவன்ர பேர் டேவிட் கென்ட்லி.

நான் சினிமா எண்டாலே கூடாது எண்டு சொல்லுற ஆள் இல்லை, முதலே சொல்லிப்போடுறன். ரீகல் தியேட்டரில இங்கிலிஸ் படம் பாத்து வளந்தனான். கொலைப்படம், துப்பறியிற படம் எண்டால் இப்பவும் இரவு பதினொரு மணி எண்டாலும் முழிச்சிருந்து பாப்பன். உங்கட கட்டுரையை வாசிச்சிட்டு என்ர பேரன் அண்டைக்குப் பின்னேரமே எங்கையோ அந்தப் படத்தை எடுத்து பென்றைவில போட்டுக்கொண்டு வந்திட்டான். ஏ.எல் கணிதப் பிரிவு படிக்கிறான். ரியூசன் முடிய கூட்டாளிப் பெடியள் மூண்டு பேரும் வந்தவங்கள், படலைக்குள்ள சைக்கிள் நாலு, குசினியில மகள் பிளேன்ரி ஊத்துறா, நானும் மூலைக் கதிரையில இருந்து பாத்தனான்.

பாக்காத ஆக்களுக்குக் கதையைச் சொல்லவேணும். நியூயோர்க்கில ஒரு பெரிய மாடிவீடு, ரெண்டு இளந்தாரிப் பெடியள், தங்களோட பள்ளிக்கூடத்தில படிச்ச ஒருத்தனைக் கூப்பிட்டு கயித்தால கழுத்தை இறுக்கிக் கொல்லினம், காசுக்கில்லை கோவத்துக்கில்லை, தங்களால ஏலும் எண்டு காட்டுறதுக்கு. உடம்பை ஒரு மரப்பெட்டிக்குள்ள போட்டு மூடிப்போட்டு, அந்தப் பெட்டிக்கு மேலயே சாப்பாட்டை அடுக்கி விருந்து வைக்கினம். விருந்துக்கு வாறது ஆர்? செத்த பெடியன்ர தகப்பன், மாமி, அவன் கட்ட இருந்த பெட்டை, இவையளுக்குப் பள்ளிக்கூடத்தில பொறுப்பா இருந்த வாத்தியார். பழைய புத்தகம் பாக்க ஆசைப்பட்டு வந்த தகப்பனுக்கு, போகேக்க புத்தகங்களைக் கட்டிக் குடுக்கினம். என்னத்தால கட்டினவங்கள் எண்டு நினைக்கிறியள்? மகன்ர கழுத்தை இறுக்கின அதே கயிறு.

எனக்கு அந்த இடத்தில நெஞ்சு அடைச்சுப்போட்டுது. மனுசன் ஒண்டும் தெரியாமல் கட்டைக் கையில தூக்கிக்கொண்டு போறார்.

படம் முடிஞ்சோடன பெடியள் கதைக்கத் துவங்கினவங்கள். கொலைகாரர் எங்க பிழை விட்டுப் பிடிபட்டவங்கள் எண்டுதான் கதை முழுக்க. செத்தவன்ர தொப்பியைத் தூக்கி எறிஞ்சிருந்தால் தப்பியிருப்பாங்கள் எண்டு ஒருத்தன், விருந்தே வைச்சிருக்கக்கூடாது அது ஓவர் கொன்பிடன்ஸ் எண்டு இன்னொருத்தன், வாத்தியாரைக் கூப்பிட்டதுதான் விசர்வேலை எண்டு என்ர பேரன். கணக்கில எந்த வரியில பிழைச்சது எண்டு பாக்கிற மாதிரித்தான். கூடாத பெடியள் இல்லை ஐயா, எனக்கு நாலு பேரையும் சின்னனில இருந்து தெரியும், ஒருத்தன்ர தேப்பனுக்கு நான்தான் முதல் கண்ணாடி போட்டனான்.

நான் கேட்டன், "தம்பியவை, பெட்டிக்குள்ள கிடந்த பெடியன்ர பேர் என்ன?"

ஆளையாள் பாத்தவங்கள். "அவன்தான் அம்மப்பா, அந்தச் செத்தவன்" எண்டான் பேரன்.

எனக்கு இன்னும் ஆறாமல் கிடக்கிறது என்னெண்டால், படம் முழுக்க எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கினம். டேவிட் ஏன் இன்னும் வரேல்ல, டேவிட் பிந்திற ஆள் இல்லையே எண்டு கேட்டபடி. தகப்பன் யன்னலடிக்குப் போய்ப் போய் வாறார். வீட்டில சுகமில்லாமல் இருக்கிற தாய் ரெலிபோன் எடுத்து மகன் வீட்டையும் வரேல்ல எண்டு சொல்லுறா, அந்தப் போனோட விருந்தே குழம்புது. ஒரு மணித்தியாலமா அந்தப் பேர் காதில விழுந்துகொண்டே இருக்கு, நாலு பெடியளுக்கும் ஞாபகமில்லை, உங்கட கட்டுரையாளருக்கும் ஞாபகமில்லை. அப்ப பிழை படத்தில இல்லை, எடுத்தவர் தகப்பனை யன்னலடியில நிப்பாட்டித்தான் வைச்சிருக்கிறார். பாக்கிற எங்கட கண் கெட்டிக்காரங்களுக்குப் பின்னால போட்டுது.

இந்தக் கதை சும்மா வந்ததும் இல்லை. ஒரு உண்மைக் கொலையின்ர சாயல் இதில கிடக்கு எண்டு எல்லாரும் சொல்லுவினம், உங்கட கட்டுரையிலயும் ஒரு வரி இருந்தது, "சிக்காகோவில நடந்த லெப்போல்ட், லோப் வழக்கு" எண்டு. நான் அந்த வழக்கைப் பற்றிக் கிடைச்சதெல்லாம் வாசிச்சனான், ஏன் எண்டால் அதைப் பிடிச்சது ஒரு மூக்குக்கண்ணாடி, நான் யாழ்ப்பாண ரவுணில ஒரு கண்ணாடிக்கடையில 34 வருசம் இருந்து வேலை செய்தனான்.

1924 மே 21. நேதன் லெப்போல்ட் 19 வயசு, ரிச்சர்ட் லோப் 18 வயசு, ரெண்டும் சிக்காகோ பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டிருந்த பணக்கார வீட்டுப் பெடியள். மாதக்கணக்கா இருந்து திட்டம் போட்டவங்கள், கள்ளப் பேரில கார் வாடகைக்கு எடுத்தவங்கள், கப்பக் கடிதம் முதலே ரைப் அடிச்சு வைச்சவங்கள், 10,000 டொலர் கேட்டு. ஆரைக் கொல்லுறது எண்டது மட்டும் முடிவாகேல்ல. அண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்தது 14 வயசுப் பெடியன், பொபி பிராங்ஸ். லோப்புக்குச் சொந்தம், அயல்வீட்டுப் பிள்ளை, லோப் வீட்டு வளவில ரெனிஸ் விளையாட வாறவன். தெரிஞ்ச முகம் எண்டபடியால்தான் காரில ஏறினவன். பேந்து நடந்ததை நான் எழுதேல்ல. உடம்பை நகரத்துக்கு வெளியில ஒரு மதகுக் குழாய்க்குள்ள தள்ளிப்போட்டு வந்தவங்கள், அடுத்த நாள் காலமையே அந்த வழியாப் போன ஒரு தொழிலாளி காலைக் கண்டுபோட்டார். பக்கத்தில ஒரு மூக்குக்கண்ணாடி.

எங்கட தொழில் ஆக்களுக்கு இது விளங்கும். பிறேம் சாதாரணப் பிறேம், லென்சும் ஊரில கனபேர் போடுற பவர், அதை வைச்சு ஒருத்தரையும் பிடிக்கேலாது. பிடிச்சது பிணைச்சல். காது பிடிக்கிற கையையும் முன் பிறேமையும் சேத்துப் பிடிக்கிற அந்தச் சின்னப் பிணைச்சல் இருக்கே, ஒரு அரிசி அளவுதான், நடுவில ஸ்குறூ, கழண்டு நிலத்தில விழுந்தால் சீமெந்துத் தரையில முழங்காலில நிண்டு கன்னத்தை நிலத்தோட வைச்சுத் தேடவேணும். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில எங்களுக்குப் புதுச் சாமான் வராது, சைக்கிள் கம்பியை அரத்தால தேய்ச்சுத் தேய்ச்சு ஸ்குறூவுக்குப் பதிலாப் போட்டுக் குடுத்தனாங்கள், அப்பிடி எத்தினை பிணைச்சல் இந்தக் கையால போயிருக்கும். போடுற ஆளுக்கு எல்லாம் ஒண்டுதான். பூட்டின கைக்குத் தெரியும் இது எந்த வகை, ஆர் செய்தது எண்டு. சிக்காகோவிலயும் அப்பிடித்தான், அந்த வகைப் பிணைச்சல் போட்ட கண்ணாடியை அந்த நகரத்திலயே ஒரு கடைதான் வித்தது, கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பாத்தால் மூண்டே மூண்டு பேருக்குத்தான் குடுத்திருக்கு. ஒண்டு ஐரோப்பாவுக்குப் போயிருந்த ஆள், ஒண்டு ஒரு மனுசி, அவ மூக்கிலயே கண்ணாடி இருக்கு. மூண்டாவது லெப்போல்ட்.

தான் குருவி பாக்கப் போன இடத்தில தடக்குப்பட்டு சட்டைப் பொக்கெற்றில இருந்து விழுந்திருக்கும் எண்டு சொன்னவர். எங்க விழுந்து காட்டு பாப்பம் எண்டு பொலிஸ் கேட்டது. எத்தினை தரம் விழுந்தும் கண்ணாடி விழேல்ல. பேந்து கப்பக் கடிதம் அடிச்ச ரைப்ரைட்டரும் படிக்கிற நோட்ஸ் அடிச்ச ரைப்ரைட்டரும் ஒண்டு எண்டு ரெண்டு பத்திரிகைக்காரர் தேடிப் பிடிச்சவை, அதுக்கு அவைக்கு 1925 ல புலிற்சர் பரிசும் கிடைச்சது. நாங்கள் அண்டைக்குக் காரில ஊர் சுத்தினனாங்கள் எண்டு ரெண்டு பேரும் சொல்ல, வீட்டு றைவர் சொன்னார், அண்டைக்குக் கார் வெளிய போகேல்ல, நான் பிறேக் திருத்திக்கொண்டு இருந்தனான் எண்டு. மாதக்கணக்காப் போட்ட திட்டம் பத்து நாளில பொடிப்பொடி. இதுக்குப் பேர் குறையில்லாத கொலையோ?

ஆனா நான் சொல்ல வந்தது பிடிபட்டதைப் பற்றி இல்லை. பிடிபடாட்டி மட்டும் நல்ல கொலையாகிப் போமோ?

வழக்கின்ர பேரைப் பாருங்கோ. லெப்போல்ட், லோப் வழக்கு. நூறு வருசமா அதுதான் பேர். லெப்போல்டுக்கு எத்தினை பாசை தெரியும், குருவியளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவர், ஹார்வட்டில சட்டம் படிக்கப் போக இருந்தவர், லோப் 17 வயசிலயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில பட்டம் எடுத்தவர், எல்லாம் எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு. கிளாரன்ஸ் டரோ எண்ட பெரிய அப்புக்காத்து மரணதண்டனை வேண்டாம் எண்டு மணித்தியாலக் கணக்கா நிண்டு வாதாடினதும் இருக்கு, அதால ஆயுள் தண்டனையோட இன்னும் 99 வருசம் குடுத்ததும் இருக்கு. மரணதண்டனை குடுக்காததில எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, எனக்கும் தூக்கில விருப்பமில்லை. லோப்பை 1936 ல மறியலுக்குள்ளயே இன்னொரு கைதி கொண்டுபோட்டான், லெப்போல்ட் 1958 ல வெளிய வந்து 1971 வரைக்கும் இருந்தவர். பொபி பிராங்சுக்கு என்ன பிடிக்கும்? ரெனிஸ் எண்டு மட்டும்தான் எனக்கு வாசிக்கக் கிடைச்சது, அதுவும் அவனைக் காரில ஏத்தினது ரெனிஸ் மட்டையைப் பற்றிக் கதைப்பம் வா எண்டு கூப்பிட்டபடியால். அவனைக் கொன்ற கதைக்குள்ள இருந்துதான் அவனைப் பற்றின ஒரேயொரு சங்கதியும் வருது.

2002 ல வந்த 'மேர்டர் பை நம்பர்ஸ்' எண்ட படத்திலயும் ரெண்டு ஹைஸ்கூல் பெடியள் இதே வேலைதான் செய்யினம், அதில கொல்லுறதுக்கு ஆளைத் தெரிஞ்செடுக்கிற விதமே தங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லாத ஆளா இருக்கவேணும் எண்டுதான். கணக்கில வாற எக்ஸ் மாதிரி, ஆர் எண்டாலும் சரி.

எங்கட ஊருக்கு இது ஏன் கூடப் பொருந்துது எண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில கெட்டிக்காரப் பிள்ளை எண்டால் காணும். ஏ.எல் றிசல்ட் வந்தால் மதில் மதிலா பனர், மூண்டு ஏ, மாவட்ட நிலை, பிள்ளையின்ர படம் ஆள் உயரத்துக்கு. சந்தோசமான விசயம்தான், என்ர மகளின்ர படமும் ஒருக்கா நிண்டது, நான் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்தனான், ரெண்டு தரம் பாத்தனான். ஆனா ஒரு பெடியன் வகுப்பில மற்றப் பிள்ளையை அழவைச்சாலும், கம்பஸில ராக்கிங் எண்டு ஒரு பிள்ளையைப் படிப்பை விட்டிட்டு ஓட வைச்சாலும், "அவன் நல்லாப் படிக்கிற பெடியன்" எண்டு ஒரு கதை வந்திடும், உடன எல்லாரும் வாயை மூடிப்போடுவம். அடிபட்ட பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், இப்ப என்ன செய்யிது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டம். அந்தப் படத்தில வாற வாத்தியாரும் உப்பிடித்தான், கொலையும் ஒரு கலை, பெரிய மூளை உள்ள ஆக்களுக்குத்தான் அதுக்கு உரிமை எண்ட மாதிரி விளையாட்டுக்குக் கதைச்சுப்போட்டு, பெட்டியைத் திறந்தோடனதான் தன்ர சொல்லு எங்க போய் நிண்டது எண்டு அவருக்கு விளங்குது. பெடியள் எங்கட வாயைப் பாத்துத்தான் வளருறாங்கள். பேப்பரையும் பாத்து.

அதேநேரம் எங்கட சனத்துக்குத் தெரியாத விசயமும் இல்லை இது. 1996 செப்டம்பர் 7, ஏ.எல் இரசாயனவியல் சோதினை எழுதிப்போட்டு சைக்கிளில கைதடிக்குப் போன பிள்ளை, செம்மணி ஆமிச் சென்றியில மறிச்சவங்கள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஒருத்தர் எண்டு மூண்டு பேரும் திரும்பி வரேல்ல. அந்தப் பிள்ளையின்ர பேரை இண்டைக்கு யாழ்ப்பாணத்தில ஆரையும் நித்திரையால எழுப்பிக் கேளுங்கோ, கிருசாந்தி எண்டு சொல்லுவினம். கொன்றவங்களின்ர பேரைக் கேளுங்கோ, கனபேருக்குச் சொல்லத் தெரியாது. வழக்கையும் நாங்கள் கிருசாந்தி வழக்கு எண்டுதான் சொல்லுறனாங்கள். ஒருத்தரும் சொல்லித்தரேல்ல, எங்கட சனத்துக்குத் தானா வந்தது. அப்ப சினிமாப் பக்கத்துக்கு வரேக்க மட்டும் ஏன் எங்களுக்கு அந்தப் புத்தி இல்லாமல் போகுது?

அதால உங்களிட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. இப்பிடிப் படங்களைப் பற்றி எழுதுங்கோ, தாராளமா எழுதுங்கோ, பெடியள் வாசிக்கட்டும். ஆனா செத்த ஆளின்ர பேரை முதல் பந்தியிலயே போடுங்கோ. அவன் ஆரின்ர பிள்ளை, ஆர் அவனைக் காத்திருந்தவை எண்டு ரெண்டு வரி எழுதுங்கோ, படத்திலயே அது இருக்கு. குறையில்லாத கொலை எண்ட சொல்லை உங்கட அச்சில இருந்து எடுத்துப்போடுங்கோ, பிடிபடாத கொலை எண்டு எழுதினால் காணும், அது மட்டும்தான் உண்மை.

இதை இவ்வளவு நீட்டி எழுத வைச்ச இன்னொரு விசயமும் இருக்கு, அதையும் சொல்லிப்போட்டு விடுறன்.

2025 ல செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில மனிதப் புதைகுழி கிண்டினது உங்கட பேப்பரிலதான் நாளாந்தம் வாசிச்சனாங்கள், ஒரு பிள்ளையின்ர எலும்போட நீலநிறப் பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொம்மை எல்லாம் வந்தது. ஆகஸ்ட் மாசம் அந்தச் சாமான்களை சனத்துக்குக் காட்டினவை, ஆரும் அடையாளம் காட்டுவினமோ எண்டு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு அம்மா எங்கட வீட்டு ஒழுங்கையால விசாரிச்சு விசாரிச்சு வந்தவ. எழுபது தாண்டிட்டுது, காலில செருப்பு ரெண்டும் ரெண்டு நிறம். என்ர முகத்தைப் பாத்திட்டு, "நீங்கள்தானே கண்ணாடிக்கடையில நிண்டனியள்" எண்டா. 1996 ல, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த கையோட, மகனைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி போட வந்திருக்கிறா. அடுத்த மாசம் கடைக்குப் போன மகன் வரேல்ல. இருவத்தொன்பது வருசம். கண்ணாடியோடதான் போனவன் அண்ணை, அது இல்லாமல் அவனுக்குப் படியே தெரியாது எண்டா. அவ கேட்டது ஒண்டுதான், அவன்ர கண்ணாடி என்ன மாதிரி எண்டு உங்கட புத்தகத்தில இருக்குமோ?

கடை கை மாறேக்க பழைய கொப்பியள் எல்லாத்தையும் எரிக்கிறதுக்குக் கொல்லைக்குள்ள போட்டிருந்தவை. எனக்கு மனம் வரேல்ல, சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வந்து பறணில வைச்சனான், பதினாலு கொப்பி. ஏன் கொண்டு வந்தனான் எண்டு அண்டு வரைக்கும் எனக்கே தெரியாது. பேரன்தான் ஏறி எடுத்துத் தந்தவன், படம் பாத்துக் கதைச்ச அதே பேரன். கறையான் கரையை அரிச்சிருந்தது, எழுத்தில தொடேல்ல. 1996 ஆடி மாசப் பக்கம். என்ர கையெழுத்து. பேர், வயசு 19, வலது மைனஸ் ரெண்டேகால், இடது மைனஸ் ரெண்டே முக்கால், மண்ணிறப் பிறேம், பக்கத்தில சின்னதா "இடப்பக்கப் பிணைச்சல், சைக்கிள் கம்பி".

பேரை இஞ்ச எழுதேல்ல ஐயா, அது அந்தத் தாய் சொல்லவேண்டியது. நான் ஒரு வெள்ளைத்தாளில பவர், பிறேம், பிணைச்சல் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்தன். அவ கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு கனநேரம் பாத்திட்டுத் திருப்பித் தந்தா. பேர் மேல சின்ன எழுத்தாக் கிடக்கு அண்ணை, அதை ஒருக்காப் பெரிசா வடிவா எழுதித் தாங்கோ எண்டா. எழுதிக் குடுத்தன்.

இப்படிக்கு,
பழைய கண்ணாடிக்கடை ஊழியர்,
கொக்குவில்.